வாளாசான் பட்டம்

வாட்போரை விளையாட்டாக ஆடுங்கால், ஒருவன் வாள் மற்றவன் மேற் பட்டதா, படவில்லையா என்பதைத் துணிதல் எளிய காரியமன்று. வாளின் நுனி கண்ணிமைக்கும் நேரத்திற் சென்று மீள்கின்றது. காண்பார் கண்ணுக்கு அது பெரும்பாலும் புலனாவதில்லை. பட்டவனோ அதனைத் தன் உடம்பில் உணர்கின்றான். ஆயினும் அவன் தோற்க விரும்பாதவன். தோல்வியின் உண்மையை நன்கறிந்தவன் அத்தோல்வியை வேண்டாதவனாகவே இருக்கின்றான் என்னும் இச்சிக்கலை அவிழ்க்க, வாள் பயில்வோர் பல காலத்திலும் பல வழிகளை நாடியிருக்கின்றனர். அவ்வழிகளுள் ஒன்றையும், அவ்வழியில் நெடுங்காலம் பிறழாது நின்றார்க்கு ஒரு கூட்டத்தார் அளிக்கும் உயரிய பட்டமொன்றையும் பற்றி நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைப் பாடமாகப் படித்த நம் மாணவர் அதன் இறுதிக் காட்சியை மறந்திரார். அங்கே ஹாம்லெட்டும் லேயர்ட்டிஸும் அரசன் முன்னிலையில் வாளாடுகின்றனர். முதன்முறை ஹாம்லெட்டின் வாள் பட்டபொழுது லேயர்ட்டிஸ் இல்லையென்று மறுக்கின்றான். ஹாம்லெட் தீர்ப்பு வேண்ட, ஆஸ்ரிக் என்பான் பட்டதே என்று சொல்ல வேண்டியதாகின்றது. இரண்டாம் முறை படும்பொழுது, நடுவர் வாய்திறக்கு முன்னரே லேயர்ட்டிஸ் தானே அதனை ஒப்புக்கொள்கின்றான். நஞ்சு தோய்ந்த வாளைக் கையிற் பிடித்து வஞ்சனை செய்ய வந்தவனும், தன் மேற் பட்ட நுனியைப் பட்டதென்று சொல்லும் வழக்கத்தினின்று முற்றும் நீங்கினானில்லை. கல்வியரங்கில் இவ்விரண்டு சிறு வசனங்களுக்கிடையே உள்ள வேற்றுமையை ஆசிரியர் பலர் விரைந்து கடந்து விடுகின்றனர். நமக்கோ அந்நாடகத்தில் லேயர்ட்டிஸின் உள்ளத்தைத் திறந்து காட்டும் இடம் அதுவேயாகத் தோன்றுகின்றது.

இக்காலத்து ஒலிம்பிக் பந்தயங்களில் இச்சிக்கலை மின்சாரத்தாற் றீர்த்துக்கொண்டனர். எப்பே என்னும் வாளுக்கு 1936-ம் ஆண்டிலும், பாயில் என்னும் வாளுக்கு 1956-ம் ஆண்டிலும், ஸேபர் என்னும் வாளுக்கு 1992-ம் ஆண்டிலும் ஒலிம்பிக் களத்தில் மின்கருவி வந்தது. நுனி பட்டவுடன் விளக்கு எரியும். பட்டவனைக் கேட்க வேண்டியதில்லை. ஆயினும் கருவி வந்ததனால் வஞ்சனை ஒழிந்ததா? 1976-ம் ஆண்டு மான்ட்ரியால் நகரில் நடந்த பந்தயத்தில், சோவியத் நாட்டு வீரர் போரிஸ் ஓனிஷ்செங்கோ என்பார் தம் வாளின் பிடியில் ஒரு பொத்தானை மறைத்து வைத்திருந்தார். எதிரியைத் தொடாமலே அதனை அழுத்தி விளக்கை எரியச் செய்யலாம். ஆங்கில வீரர் ஜிம் பாக்ஸ் என்பாருடன் ஆடுகையில், தொடாத வாளுக்கு விளக்கு எரிந்ததைக் கண்டு ஐயுற்று வாளைச் சோதிக்க, சூழ்ச்சி வெளிப்பட்டது. அவர் பந்தயத்தினின்று விலக்கப்பட்டார். இஃது ஒரு வழி. நாம் சொல்லப் புகுந்தது இதற்கு நேர்மாறான மற்றொரு வழியாகும்.

அமெரிக்காவிற் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில், 1966-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று, டயானா பாக்ஸன் என்னும் இளம் பெண்மணியின் வீட்டுக் கொல்லையில் ஒரு கூட்டம் கூடிற்று. அவர் ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றிலும் இலக்கியத்திலும் ஈடுபாடுடையவர். பின்னாளில் நாவலாசிரியையாகப் பெயர் பெற்றவர். வந்திருந்த நண்பர்கள் பழங்காலத்து உடையுடுத்துக் கேடயமும் பொய்வாளும் ஏந்திப் பொருதனர். வென்றவன் தன் தலைவியே அழகிற் சிறந்தவளென்று முடிசூட்டினான். இறுதியில் எல்லோரும் இருபதாம் நூற்றாண்டைக் கண்டிக்கின்றோம் என்று வேடிக்கையாக முழங்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் சென்றனர். ஒருநாட் கூத்தாக முடிந்திருக்க வேண்டியது அது. ஆனால் மறுமுறை கூடுவதற்கு ஒரு பூங்காவை வாடகைக்கு வேண்டியபொழுது, விண்ணப்பத்தில் எழுதச் சங்கத்திற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மேரியன் ஸிம்மர் பிராட்லி என்னும் எழுத்தாளர் அப்பொழுது சூட்டிய பெயரே ஸொஸைட்டி பார் கிரியேட்டிவ் அனாக்ரனிஸம் என்பது. இல்லாத காலத்தை வேண்டுமென்றே ஆக்கிக்கொள்ளும் சங்கம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1968-ம் ஆண்டில் அது சட்டப்படி பதிவும் பெற்றது.

இன்று அச்சங்கம் உலகத்தைத் தனக்குள் இருபது இராச்சியங்களாகப் பங்கிட்டுக் கொண்டிருக்கின்றது. டெக்ஸாஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து ஆன்ஸ்டியோரா. ஐரோப்பா முழுவதும் டிராக்கன்வால்ட். ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் லோக்காக். ஒவ்வொன்றிலும் அரசனும் அரசியும் உண்டு. அவர் பிறப்பால் வந்தவரும் அல்லர். வாக்குச்சீட்டால் வந்தவரும் அல்லர். கவசமணிந்து பிரம்புத் தடியை வாளாகக் கொண்டு பொருது வென்றவரே சில மாதங்கள் முடி தரிப்பர். பின்னர் அடுத்து வென்றவர்க்கு அதனைக் கொடுத்துவிட்டுத் தம் அலுவலகத்திற்கோ பணிமனைக்கோ திரும்புவர். அங்கத்தினர் ஒவ்வொருவரும் 1600-ம் ஆண்டுக்கு முற்பட்ட ஒருவர் தாங்கக்கூடிய பெயரொன்றைப் புனைந்து கொள்வர். கொடியிற் பொறிக்கும் சின்னமும் வேண்டுமாயின், அது பிறர் சின்னத்தோடு மயங்காதிருக்கின்றதா என்று ஆராய்தற்கென்றே அறிஞர் சிலர் உளர். 1972-ம் ஆண்டு முதற்கொண்டு பென்ஸில்வேனியா மாகாணத்தின் மேற்குப் பகுதியில் பென்ஸிக் போர் என்றொரு பெருந்திருவிழாவும் நடைபெறுகின்றது. பதினாயிரம் பேர் வரை கூடாரமடித்துத் தங்குவர். போரில் தோற்ற இராச்சியம் பிட்ஸ்பர்க் நகரை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பது அங்கு வழங்கும் பழைய நகையாடல். அந்நகரத்தார் இதனை எங்ஙனம் பொறுத்துக்கொள்கின்றனரோ!

இவையெல்லாம் பிள்ளை விளையாட்டெனச் சிலர் நகைக்கலாம். ஆயினும் அக்களத்தில் வழங்கும் ஒரு விதி நகைப்பிற்குரியதன்று. அங்கே நடுவர் இலர். மார்ஷல் எனப்படும் கள அதிகாரிகள் உளரேனும், அவர் பார்ப்பது பாதுகாப்பு ஒன்றனையே. வாள் பட்டதா என்பதைத் தீர்மானிப்பவர் பட்டவரே. எதிரி வாய் திறந்து உன்னைத் தொட்டேன் என்று வழக்காடுதல் மரியாதையாகாது. சுற்றி நிற்பார் கூவுதலும் ஆகாது. பட்டவர் தாமே நல்லது என்று சொல்லிக் கையுயர்த்தல் வேண்டும்.

கவசப்போரிற் பிரம்புத் தடியின் அடி கவசத்தின்மேல் எவ்வளவு உறைப்பாக விழுந்தது என்பது கணக்கு. ரேப்பியர் என்னும் நீண்டு மெலிந்த வாளின் போரிலோ கணக்கு வேறு. ஆடுவார் கம்பிவலை முகமூடியும், கழுத்துக்காப்பும், குத்து ஊடுருவாத சட்டையும், கையுறையும் அணிந்திருப்பர்; தோலின் எப்பகுதியும் வெளித்தோன்றலாகாது. வாள் எஃகாலானதே, ஆயினும் அதற்குக் கூரில்லை, நுனியில் ரப்பர்க் குமிழ் பொருத்தப்பட்டிருக்கும். நுனி ஆடையில் மெல்ல அழுந்தினாலும் பட்டதேயாம். மார்பிலோ தலையிலோ பட்டால் இறந்தவராகத் தம்மைக் கருதி வீழ்தல் வேண்டும். கையிற் பட்டால் அக்கை போயிற்று. அதனை முதுகின் பின்னே மறைத்துக்கொண்டு மற்றக் கையால் ஆடலாம். காலிற் பட்டால் முழந்தாளிட்டுப் பொருதல் வேண்டும். எதிரி கையிழந்ததைக் கண்டு தாமும் வலக்கையை விடுத்து இடக்கையால் ஆடுவோரும் உளர்.

இங்ஙனம் மெல்லெனப் படுவதே கணக்காயிருப்பதனாற் சோதனையும் கடிதாகின்றது. இறுதிச்சுற்று நடக்கின்றது, நண்பரும் மாணவரும் சூழ்ந்து நிற்கின்றனர், சட்டையின் மடிப்பில் ஏதோ உரசிற்று. நுனியா, எதிரியின் கையுறையா? தாம் வாளை முன்செலுத்தியபொழுது தம் ஆடையே இழுபட்டதா? அதனை அறிந்தவர் உலகத்தில் ஒருவரே. பட்டும் பட்டதென்னாதவரைச் சங்கத்தார் காண்டாமிருகத் தோலர் என்று தம்முள் இகழ்வர். ஆனால் மற்றொரு குற்றமும் உண்டு. அதனை நாம் முதலிற் குற்றமென்றே நினைத்திலோம். படாததையும் பட்டதாகச் சொல்லி விட்டுக்கொடுப்பதே அது. வெளிக்குப் பெருந்தன்மையாகத் தோன்றும் இச்செயல், எதிரியைத் தான் செய்யாத ஒன்றைச் செய்ததாக நம்பச் செய்து, அவன் கற்க வேண்டியதைக் கல்லாமற் போக்குகின்றது. புகழ்ச்சிக்காகப் பொய்யாக வீழ்பவரும் மெய்யை மறைப்பவரே என்பது அக்களத்தார் கொள்கை. இஃது உண்மையென்றே நமக்கும் படுகின்றது.

அச்சங்கத்தில் உயர்ந்த பட்டங்கள் தொடக்கக் காலந்தொட்டே உண்டு. கவசப்போரில் வல்லார்க்கு நைட் பட்டம். கலையிலும் ஆராய்ச்சியிலும் வல்லார்க்கு லாரெல். தொண்டிற் சிறந்தார்க்குப் பெலிக்கன். இம்மூன்று குழுவினரும் நிகரர் எனப்படுவர். ரேப்பியர் வாள் பயின்றார்க்கு மட்டும் அவ்வுயர்ந்த படியில் நெடுங்காலம் இடமில்லை. ஆன்ஸ்டியோராவிற் றோன்றி, உடன்படிக்கையால் வேறு சில இராச்சியங்களிலும் பரவிய வெண்துகில் விருது என்பதே அவர்க்குக் கிடைத்த பெருமை. அது நிகரர் படிக்கு ஒரு படி தாழ்ந்தது.

ஏன் இத்தாமதம் என்பார்க்குக் காரணம் சொல்லுதல் அரிதன்று. சங்கம் தனக்கென வரைந்துகொண்ட காலம் 1600-ம் ஆண்டோடு முடிகின்றது. ரேப்பியரோ அக்காலத்தின் கடைக்கோடியில் வந்தது. கோட்டையும் குதிரையும் கவசமும் கனவாகக் கொண்டார்க்கு, நகரத்து வாலிபர் இடையிற் கட்டித் தெருச்சண்டையிற் பயன்படுத்திய இவ்வாள் போர்க்கருவியாகவே தோன்றவில்லை. அக்காலத்து இங்கிலாந்து அரசாங்கமும் இதனை ஐயத்தோடே நோக்கிற்று. 1562-ம் ஆண்டில் எலிஸபெத் இராணி வெளியிட்ட ஆணையொன்றில், வாளலகின் நீளம் ஒரு கஜத்தின் மேல் அரைக்காற் கஜத்தை, அதாவது நாற்பதரை அங்குலத்தை, விஞ்சலாகாதென்று வரையறுக்கப்பட்டது. நீளத்திற்கு வரம்பு கட்டவேண்டியிருந்ததெனின், வாலிபர் எவ்வளவு நீண்ட வாள்களைக் கட்டித் திரிந்தனரென்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பல ஆண்டுகள் வாதம் நிகழ்ந்த பின், 2015-ம் ஆண்டு ஜனவரி மாதத்திற் சங்கத்தின் இயக்குநர் குழு நான்காவது நிகரர் குழுவை நிறுவத் தீர்மானித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் முதற் பட்டங்கள் வழங்கப்பட்டன. பெயர் ஆர்டர் ஆவ் டிபென்ஸ்; பட்டம் பெற்றார் மாஸ்டர் ஆவ் டிபென்ஸ், அதாவது தற்காப்பு வித்தையின் ஆசான். ஆடவரும் பெண்டிரும் ஒரே களத்தில் ஒருவரோடொருவர் பொருதுவராதலின் பட்டமும் இருபாலார்க்கும் ஒன்றே. நாம் அதனை வாளாசான் பட்டம் என்று வழங்குவோம்.

இப்பெயர் புதிதாகப் படைக்கப்பட்டதன்று. இதற்குப் பின்னே ஒரு வரலாறு உளது. பழைய லண்டன் மாநகரில் வாள் கற்பிப்போர்க்கு நற்பெயரில்லை. 1285-ம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு மன்னரின் சட்டமொன்று நகரத்துள் வாட்பள்ளி நடத்துதலைத் தடுத்தது. தீயோர்க்குத் துணிவூட்டும் இடங்களாக அப்பள்ளிகள் கருதப்பட்டன. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் 1540-ம் ஆண்டில் எட்டாம் ஹென்ரி மன்னர் அவ்வாசான்மார்க்கு அதிகாரப் பத்திரம் வழங்கினார். நாடோடியென்றும் போக்கிரியென்றும் எண்ணப்பட்டவர் ஒரு கூட்டமாகத் திரண்டு, யாரைக் கற்பிக்க விடலாம், யாரை விடலாகாது என்று தாமே வரையறுக்கத் தொடங்கினர். அவர்கள் கையால் எழுதிய குறிப்பேடு ஒன்று இன்றும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் ஸ்லோன் என்பார் தொகுதியுள் இருக்கின்றது.

அக்கூட்டத்திற் படிகள் நான்கு. முதலில் மாணவன், அடுத்து விடுதலை பெற்ற மாணவன், பின்னர் ப்ரோவோஸ்ட் எனப்படும் துணையாசான், இறுதியில் ஆசான். நம் கல்லூரியிற் பி. ஏ., எம். ஏ. என்று படிப்படியாக ஏறும் அன்பர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. எம். ஏ. என்பதிலுள்ள மாஸ்டர் என்னும் சொல்லும் இடைக்காலப் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்க உரிமை பெற்றவன் என்னும் பொருளிலேயே வழங்கிற்று. தேர்வு மட்டும் வேறுபட்டது. தாளும் மையும் அங்கு இல்லை. படியேற வேண்டியவன் பொதுமக்கள் முன்னிலையில் மேடையேறித் தன் படியினரோ மேற்படியினரோ ஆகிய பலரோடும், ஒருவர்பின் ஒருவராக, பல கருவிகளால் ஆடிக்காட்டல் வேண்டும். நெடுவாள், வாளும் சிறு கேடயமும், ரேப்பியரும் கட்டாரியும், கோல் என அக்கருவிகள் விரியும். பிஷப்ஸ்கேட் தெருவிலிருந்த புல் என்னும் சத்திரமும், லட்கேட் குன்றிலிருந்த பெல் ஸாவேஜ் சத்திரமும், பின்னர் நாடகக் கொட்டகைகளும் இத்தேர்வுகளுக்கு அரங்காயின. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வாட்போர் வரும் இடங்களைக் கூர்ந்து நோக்கும் கண்கள் கொட்டகையில் நிறைந்திருந்தமைக்கு இஃது ஒரு காரணம். இராணியின் அவையில் விதூஷகராக விளங்கிய ரிச்சர்டு டார்ல்டன் என்னும் நகைச்சுவை நடிகரும் 1587-ம் ஆண்டில் ஆசான் பட்டம் பெற்றாரென அக்குறிப்பேடு கூறுகின்றது.

ஈண்டு ஒரு வேடிக்கையைக் கூறாமற் செல்ல மனமில்லை. இத்தாலியிலிருந்து வந்த ரேப்பியர் வித்தையை ஜார்ஜ் சில்வர் என்னும் ஆங்கிலப் பெருமகன் அறவே வெறுத்தார். 1599-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், அவ்வாள் எதிரியைக் கொல்லுமேயன்றித் தன்னைக் காவாது என்று வாதிட்டார். அவரும் அவர் தம்பியும் வின்சென்ஷியோ ஸவியோலோ என்னும் இத்தாலிய ஆசானைப் பெல் ஸாவேஜ் சத்திரத்து மேடையிற் பொரவருமாறு விளம்பரஞ் செய்து அழைத்தனர். பின்வாங்குபவன் மேடையினின்று விழுந்து கழுத்து முறிவான் என்பதற்காகவே மேடையைத் தேர்ந்தனராம். ஸவியோலோ வரவில்லை என்று சில்வர் எழுதுகின்றார்; ஸவியோலோ தம் தரப்பிற் சொல்லியது நமக்குக் கிடைத்திலது. தற்காப்பு என்னும் சொல்லைக் கொண்டே ரேப்பியரைத் தாக்கிய சில்வர், அந்தத் தற்காப்பாசான் என்னும் பெயரை நானூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ரேப்பியர் வீரரே சூடிக்கொண்டதைக் கண்டால் யாது சொல்வாரோ!

இனி, இப்பட்டம் எவ்வாறு வழங்கப்படுகின்றது என்பதைக் காண்போம். இத்தனை போட்டிகளில் வென்றார்க்குப் பட்டம் என்னும் கணக்கு அங்கில்லை. பட்டம் வேண்டுமென்று ஒருவர் விண்ணப்பிப்பதும் மரபன்று. ஆசான்மார் கூடித் தம்முள் மறைவாக ஆராய்வர். இவர் வாள் நம் வாளுக்கு நிகரா? இவர் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கின்றாரா? தோற்றபொழுது இவர் முகம் எங்ஙனம் இருந்தது? பட்டதைப் பட்டதென்று சொல்லுகின்றாரா? இவரோடு பொருத புதியவன் மறுவாரமும் களத்திற்கு வந்தானா, அன்றி அஞ்சி நின்றுவிட்டானா? ஆசான்மார் கருத்தைக் கேட்டபின் அரசனும் அரசியும் முடிவு செய்வர். ஆகவே எல்லாப் போட்டியிலும் வெல்லும் ஒருவர் ஆண்டுபல காத்திருப்பதும், அடிக்கடி தோற்கும் ஒருவர் பட்டம் பெறுவதும் அங்கு நிகழக்கூடியனவே.

கற்பித்தலை நாம் சிறப்பாகக் குறித்ததற்குக் காரணமுண்டு. ஐரோப்பாவிற் பழைய வாட்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த பரம்பரையாக நிலைத்திலது. இடையே அறுந்து போயிற்று. எஞ்சியவை நூல்களே. 1553-ம் ஆண்டில் அச்சான காமில்லோ அக்ரிப்பாவின் நூல், 1570-ம் ஆண்டில் வெளிவந்து 1594-ல் ஆங்கிலமான டி கிராஸியின் நூல், 1595-ம் ஆண்டில் வந்த ஸவியோலோவின் நூல் முதலியன அவை. அக்ரிப்பா கட்டிட வித்தையில் வல்லவர். அதனால் உடம்பின் நிலைகளைக் கோணமும் வட்டமுமாக வரைந்து, வாள் பிடிக்கும் நிலைகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணாற் பெயரிட்டார். இந்நூல்களைப் படிப்பதென்பது சொல்லுக்குப் பொருள் காண்பதோடு முடிவதன்று. படத்தில் ஒரு கால் முன்னிற்கின்றது. அடுத்த படத்தில் எதிரி வீழ்ந்து கிடக்கின்றான். இடையே நிகழ்ந்தது யாது? அதனைக் கையில் வாளேந்தி, நண்பரொருவரை எதிரே நிறுத்தி, நூறுமுறை தவறிக் கண்டுபிடித்தல் வேண்டும். உரையாசிரியர் இல்லாத பழைய சூத்திரத்திற்கு உடம்பால் உரை செய்வதை ஒக்கும் இம்முயற்சி. தச்சரும் கணக்கரும் மருத்துவத் தாதியரும் மாலை நேரங்களிற் கூடிப் பயின்று, பழைய இத்தாலிய நூலொன்றின் ஒரு பக்கத்தை விளங்கிக் கொள்கின்றனர் என்றால், அதனை விளையாட்டென்று தள்ளிவிட நமக்கு நாவெழவில்லை.

பட்டமளிக்கும் சடங்கு இராச்சியத்திற்கு இராச்சியம் சிறிது வேறுபடும். பெரும்பாலும் அதற்கு முன் ஒரு நோன்பிருக்கை உண்டு. முற்காலத்து நைட் பட்டம் பெறுவோர் இரவு முழுதும் விழித்திருந்த வழக்கத்தைப் பின்பற்றியது இது. பட்டம் பெறுபவர் ஒரு கூடாரத்தில் தனித்திருப்பார். நிகரரும் நண்பரும் ஒருவர்பின் ஒருவராக உட்புகுந்து தனியே பேசிச் செல்வர். சிலர் அறிவுரை கூறுவர். சிலர் பழைய தவறுகளை நினைப்பூட்டுவர். சிலர் யாதும் பேசாமற் கைப்பற்றிச் செல்வர். அங்குப் பேசியவை வெளியிற் சொல்லப்படுவதில்லை. சில இடங்களிற் பழைய லண்டன் முறையைத் தழுவி, பட்டம் பெறுபவர் அன்று பகலில் ஆசான்மார் பலரோடும் வரிசையாக வாளாடிக் களைத்தல் வேண்டும். வென்றாலென்ன, தோற்றாலென்ன, இறுதிவரை நிற்றலே அங்கு வேண்டப்படுவது.

பின்னர் அவை கூடும். கட்டியக்காரன் அவர் புனைபெயரைச் சொல்லி அழைப்பான். நைட் ஒருவரும், லாரெல் ஒருவரும், பெலிக்கன் ஒருவரும் எழுந்து அவருக்காகச் சான்று பகர்வர். பட்டமில்லாத ஒருவரும் பேசுவதுண்டு. நமக்கு இவருள் இறுதியிற் பேசுபவர் சொல்லே பெரிதாகத் தோன்றுகின்றது. மேலோரிடம் பணிவாக நடத்தல் எளிது, புதிதாக வந்தவனிடம் எங்ஙனம் நடந்தார் என்பதை அவரன்றோ சொல்ல வல்லார்? அதன்பின் அரசன் கையால் வெண்ணிறத் தோண்மாலையொன்று அணிவிக்கப்படும். மூன்று வாள்கள் நுனி குறுக்கிட நிற்கும் சின்னமும் அவர்க்கு உரியதாகும். பட்டயம் அச்சிட்ட தாளன்று. சங்கத்துக் கலைஞர் பழைய ஏட்டெழுத்தின் அழகோடு கையால் எழுதி வண்ணந் தீட்டி உதவுவது. அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்வதும் செய்யாததும் அவரவர் விருப்பம்.

இப்பட்டத்திற்குக் களத்திற்கு வெளியே மதிப்பு ஏதுமில்லை. சம்பளம் உயராது, பெயரின் பின் எழுத்துச் சேராது, உற்றாரிற் பலர்க்கு அஃது என்னவென்றே விளங்காது. அங்ஙனமிருந்தும் வயது முதிர்ந்தவரும் அவ்வவையில் முழந்தாளிட்டுக் கண்ணீர் உகுப்பதுண்டு. இதனை எப்படி விளக்குவது? நம் கருத்து இது. உலகிற் கிடைக்கும் பெரும்பாலான பட்டங்கள் நாம் செய்து காட்டியவற்றுக்குக் கிடைப்பன. இப்பட்டத்திலோ, ஒருவர் யாரும் காணாத கணத்திற் செய்ததைப் பிறர் எப்படியோ கண்டுகொண்டனர் என்னும் பொருள் அடங்கியிருக்கின்றது. ஆண்டு பத்தாக இறுதிச் சுற்றுகளில் மெல்லென உரசியதையும் பட்டதென்று சொல்லித் தோற்று வந்தவர்க்கு, அத்தோல்விகளெல்லாம் வீணாகவில்லை என்று நிகரர் வாயாற் கேட்பது எளிதில் தாங்கக்கூடிய மகிழ்ச்சியன்று.

இம்முறையிற் குறையே இல்லையென்று கூற நாம் முன்வரவில்லை. மறைவாகக் கூடி ஆராயும் எந்த அவையிலும் நட்பும் பகையும் புகும். ஆசான்மாரோடு ஊடாட வாய்ப்பில்லாத தொலைவூர்களில் வாழ்பவர் காணப்படாமலே இருந்துவிடக்கூடும். தகுதியிருந்தும் தம் பெயர் ஏன் எழவில்லை என்பது ஒருவர்க்கும் விளக்கப்படுவதில்லை. காத்திருந்து மனங்கசந்து களத்தை விட்டு நீங்குவோரும் உளர். எண்ணிக் கணக்கிடும் முறையில் இத்துன்பம் இல்லை. இத்தனை வென்றால் இது என்று தெரிந்துவிடும். ஆனால் எண்ணத் தொடங்கினால், வெற்றியை எண்ணலாமேயன்றி ஒப்புக்கொண்ட தோல்வியை எண்ண ஒரு கருவியுமில்லை. இரண்டு குறைகளுள் அச்சங்கத்தார் இதனைத் தேர்ந்துகொண்டனர். வாதம் அவர்களுக்குள்ளேயே இன்னும் ஓயவில்லை.

பட்டம் பெற்ற மறுநாள் முதல் ஆசானுக்குப் புதிய தொல்லையொன்றும் தொடங்குகின்றது. வெண்மாலையைக் கண்ட இளையோர் எல்லோரும் அவரோடு ஒருமுறை ஆடிப்பார்க்க விரும்புவர். ஆசான் மேல் நுனி படுவித்தேன் என்று சொல்லிக்கொள்வது அவர்க்குப் பெருமை. பயிற்சிக்கு வந்து மூன்று வாரமே ஆன ஒருவன், அடியெடுத்து வைக்கவும் சரியாக அறியாதவன், எவரும் எதிர்பாராத வழியில் வாளை நீட்டுகின்றான். அது ஆசானின் முழங்கைக்குக் கீழே மெல்லத் தொடுகின்றது. அவனுக்கே அது தெரியவில்லை. மார்ஷல் வேறெங்கோ நோக்கிக்கொண்டிருக்கின்றார். ஆசான் தம் வலக்கையை முதுகின் பின்னே கொண்டுபோய், வாளை இடக்கையில் மாற்றிக்கொள்கின்றார்.